நோட்டில் இல்லாத பத்தி

மொரப்பூர் ஸ்டேஷனுக்கு இந்தப் பக்கம்
போர்வெல் ஏஜென்சியில் பில் எழுதுகிறேன்.
அடிக்கு இவ்வளவு, கேசிங் பைப்புக்கு இவ்வளவு.
தண்ணீர் வந்தால் வண்டிக்காரர்களுக்குக் கறிச்சோறு.
வராவிட்டாலும்
அடிக்கணக்கில் ஒரு ரூபாய் குறையாது.

"மாதப்பன் தேங்காய் வெச்சா தப்பாது" என்றார்
கம்பைநல்லூர் முனிரத்தினம்.
எப்படித் தெரியும் என்றேன்.
அவர் காட்டில் வந்தது, மச்சான் காட்டில் வந்தது,
ஊரே சொல்கிறது.
வராத இடம்?
"அது தேங்கா இளசு."
கடத்தூர்ல?
"அங்க காட்டுக்காரன் செருப்போட நின்னான்."
வறண்ட ஒவ்வொரு குழிக்கும்
அளவெடுத்த மாதிரி ஒரு மூடி.
கடைசியில்,
"பில் எழுதுறவளுக்கு பூமியப் பத்தி என்ன தெரியும்?"
எனக்குத் தெரியாது, உண்மைதான்.
என் கேள்விக்கு அதுவா பதில்?
மனசுக்குள் கேட்டுக்கொண்டு
பில்லைக் கிழித்துக் கொடுத்தேன்.
பாக்கி வைக்காத ஆள் அவர்.

அன்றைக்கே ஒரு நோட்டுப் போட்டேன்,
பக்கத்துக்கு இரண்டு பத்தி.
ஒரு வருஷத்தில் அறுபத்திரண்டு குழி.
தேங்காய் நிமிர்ந்து நின்ற இடம் நாற்பது,
தண்ணீர் இருபத்தாறில்.
தட்சணைக்கு வழியில்லாமல்
வண்டி திரும்பத் தோதான மூலையில் போட்டது இருபத்திரண்டு,
தண்ணீர் பதினான்கில்.
அங்கே நூற்றுக்கு அறுபத்தைந்து.
இங்கே அறுபத்து மூன்று சொச்சம்.
மழை பெய்த வருஷம்.
வண்டிச் சக்கரமும்
தேங்காய் அளவுக்கு நீரோட்டம் பார்த்திருந்தது.

இருபத்தாறு பேரும் டீக்கடையில் பேசுகிறார்கள்.
வறண்ட பதினான்கு பேர்
கடனைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.
ஊர் சொல்வது பொய்யில்லை,
பாதி ஊர் பேசவில்லை, அவ்வளவுதான்.

மாதப்பன் ஒருநாள் ஏஜென்சிக்கே வந்தார்.
நோட்டை நீட்டினேன்.
கண்ணாடியை நூலால் கட்டியிருந்தார்.
விரல் வைத்து, வரி வரியாக,
அரை மணி நேரம் படித்தார்.
சண்டைக்குத் தயாராக
வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தேன் நான்.
அவர் கேட்டது ஒன்றுதான்:
"உங்க தம்பி காடு இதுல எங்கம்மா?"

அரூர்ப் பக்கம். புற்றுக்குக் கிழக்கே போடு என்று
தம்பிக்குச் சொன்னவள் நான்.
எண்ணூற்று நாற்பது அடி.
வெள்ளை மாவாய்ப் பறந்தது கல்தூள்,
கடைசி அடிவரை ஈரமே இல்லை.
வீட்டுக் கணக்கு வேறு என்று எழுதாமல் விட்டிருந்தேன்.
அதுவும் மூடிதான்.
என் கையால் போட்டது.

"அங்க தேங்கா படுத்துக்கிச்சு. வேணாம்னேன்.
நீங்க சிரிச்சீங்களாம்."

எழுதினேன். இருபத்து மூன்றில் பதினான்கு.
அறுபத்தொன்றுக்குக் கொஞ்சம் குறைவு.
ஒன்றரைக்குள் இருந்த வித்தியாசம்
நாலுக்கு மேல் போயிற்று, அவர் பக்கமாக.
கை கசந்தது.
ஒரு குழியில் சாய்ந்த தராசு
அடுத்த குழியில் திரும்பலாம் என்று
எனக்குச் சாதகமாக உடனே தோன்றியது.
சரியான யோசனைதான்.
போன வாரமே ஏன் தோன்றவில்லை?

பிறகுதான் உறைத்தது:
தேங்காய் படுத்த இடங்களை
யாரும் தோண்டிப் பார்ப்பதே இல்லை.
அங்கெல்லாம் தண்ணீர் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.
ஸ்கேல் வைத்து மூன்றாவது கோடு போட்டேன்.
அந்தப் பத்தியில் ஒரே ஒரு குழி, தம்பியுடையது.

"எத்தன எடத்துல தண்ணி வந்தா
தேங்கா தப்புன்னு ஒத்துக்குவீங்க?" என்றேன்.
"எத்தன வறண்டா நீங்க ஒத்துக்குவீங்க?" என்றார்.
இரண்டு பேரிடமும் எண் இல்லை.
வெகுநேரம் யோசித்துப் பத்து குழி என்று முடிவானது.
அவர் வேண்டாம் என்று சொல்லும் இடத்தில் பத்து.
தோண்டுமுன் தேதி போட்டு இரண்டு கையெழுத்து.

வெளியே வண்டி ஹாரன் அடித்தது.
மாதப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி,
அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக,
அடிக்கு என்ன ரேட் என்று கேட்டார்.